இரண்டு இரவுகள், ஒரு இரும்புத் தகடு

ஆலையில் பராமரிப்பு வேலை பார்த்தவர்களுக்கு பிளைண்ட் என்றால் தெரியும். தோசைக்கல் மாதிரி ஒரு இரும்பு வட்டம். குழாயின் ஒரு பகுதியைக் கழற்றினால் திறந்து நிற்கும் வாயை அதைப் போட்டு மூடுவார்கள். இல்லாவிட்டால் குழாய்களை இணைக்கும் இரண்டு ஃபிளேஞ்சுகளுக்கு நடுவே செருகி, ஒரு பக்கத்துத் திரவம் மறுபக்கம் போகாமல் தடுப்பார்கள். கேஸ்கெட் வைத்து போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கி இறுக்க ஒரு ஃபிட்டரும் ஒரு ஹெல்ப்பரும் போதும். தொழிற்சாலை வரலாற்றின் மிகக் கொடிய இரண்டு இரவுகளை வாசிக்கும்போது இந்தத் தகடுதான் என் கண்முன் வருகிறது. ஒன்றில் அது சரியாக இறுக்கப்படவில்லை. மற்றதில் அது போடப்படவே இல்லை.

முதலாவது, 1988 ஜூலை 6. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகருக்கு வடகிழக்கே வடகடலில் நின்ற பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. அங்கே எரிவாயுத் திரவத்தைத் தள்ள இரண்டு பம்புகள், ஏ, பி என்று. அன்று பகலில் ஏ பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றினார்கள். திறந்த வாயில் பிளைண்ட் போட்டார்கள். மாலை ஷிஃப்ட் முடிவதற்குள் வால்வைத் திரும்பப் பொருத்த முடியவில்லை. வால்வு கழற்றப்பட்டதற்கு ஒரு பெர்மிட், பம்பைப் பிரித்துப் பார்க்கும் வேறொரு வேலைக்கு இன்னொரு பெர்மிட் என்று இரண்டு தாள்கள் இருந்தன. இரவு ஷிஃப்டுக்கு இரண்டாவது தாளின் சங்கதி மட்டும் தெரியும். அந்த வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்பதும் தெரியும். வால்வு இல்லை என்று அவர்களிடம் யாரும் நேரில் சொல்லவில்லை. வால்வு இருந்த இடமோ பம்பின் அருகில் நின்று பார்த்தால் கண்ணில் படாத உயரம்.

இரவு பத்து மணி நெருங்கும்போது பி பம்பு நின்றது. எவ்வளவு முயன்றும் ஓடவில்லை. ஏ பம்பை ஓட்டினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஓட்டினார்கள். இறுகாத பிளைண்ட் வழியாக வாயு கசிந்து வெடித்தது. மேடை முதலில் எண்ணெய்க்காகக் கட்டப்பட்டது. எரிவாயு வேலை பின்னால் சேர்ந்தது. ஆகவே அங்கிருந்த சுவர்கள் தீயைத் தாங்குபவை, வெடிப்பைத் தாங்குபவை அல்ல. தீயணைப்பு பம்புகள் தானாக ஓடாதபடி கைமுறையில் வைக்கப்பட்டிருந்தன. கடலுக்குள் இறங்கும் டைவர்கள் பம்பின் உறிஞ்சுகுழாயில் சிக்கிவிடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஒருவர் உயிரைக் காக்கச் செய்தது எல்லோர் உயிருக்கும் வினையாயிற்று. பக்கத்து மேடைகளான கிளேமோரும் டார்ட்டனும் எண்ணெயையும் வாயுவையும் அனுப்புவதை உடனே நிறுத்தவில்லை. அந்த இரவில் இறந்தவர்கள் 167 பேர். அவர்களில் இருவர் மீட்கப் படகில் வந்தவர்கள். தங்கும் அறைகளில் கூடி உத்தரவுக்குக் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே மடிந்தார்கள். பிழைத்த 61 பேரில் பலர், காத்திருக்காமல் கடலில் குதித்தவர்கள்.

இரண்டாவது, சுமார் மூன்றரை ஆண்டு முந்தியது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு, போபால், யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலை. 40 டன்னுக்கு மேல் மீத்தைல் ஐசோசயனேட் இருந்த 610ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் போய், உள்ளே கொதித்து, விஷவாயுவாக வெளியேறியது. தண்ணீர் எப்படிப் போயிற்று என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அன்று இரவு அடைத்துக்கொண்ட குழாய்களைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள், கழுவும் முன் போடவேண்டிய பிளைண்டைப் போடவில்லை, நீர் அந்த வழியாகத்தான் போனது என்கிறது ஒரு தரப்பு. யாரோ ஒரு தொழிலாளி வேண்டுமென்றே செய்த நாசவேலை என்றது நிறுவனம். பிளைண்ட் போடுவது பராமரிப்புப் பிரிவின் வேலை. இரவு ஷிஃப்டில் இருந்த பராமரிப்பு மேற்பார்வையாளர் பதவியைச் சில நாள் முன்புதான் எடுத்துவிட்டிருந்தார்கள்.

நாசவேலை வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் விஷயம் முடிந்துவிடவில்லை. தண்ணீர் போனதற்குத்தான் அது பதில். போன தண்ணீர் ஒரு நகரத்தைக் கொன்றதற்கு அதில் பதில் இல்லை. தொட்டியைக் குளிரவைக்கும் இயந்திரம் ஜூன் மாதமே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிடும் கோபுரத்துக்குப் போகும் குழாயில் ஒரு துண்டு, துருப்பிடித்ததால் கழற்றப்பட்டுக் கிடந்தது. வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பர் ஓட்டத்தில் இல்லை. பீய்ச்சிய தண்ணீர் வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. ஆலைக்கு எதிரே ஜெயப்பிரகாஷ் நகரில் தூங்கிக்கொண்டிருந்த மக்களுக்கும் அந்தத் தொட்டிக்கும் நடுவே நிற்கவேண்டிய காவல் அத்தனையும் ஒரே சமயத்தில் பயனற்று இருந்தன. அரசின் முதல் கணக்கே 2,259 சாவு. பிறகு அது மேலும் உயர்ந்தது. பாதிக்கப்பட்டோர் அரசுக் கணக்கிலேயே 5 லட்சத்துக்கு மேல்.

இரண்டையும் பக்கத்தில் வைக்கும்போது முதலில் தெரிவது வேற்றுமைதான். பைப்பரில் ஒரே ஒரு வால்வு கழன்றிருந்தது, ஓட்டியவர்களுக்கு அது தெரியாது. போபாலில் எல்லாம் கழன்றிருந்தன, எல்லோருக்கும் தெரியும். முன்னது அறியாமை, பின்னது அலட்சியம் என்று பிரித்துவிடலாம். நானும் வெகுநாள் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தேன். பைப்பரின் முந்தைய வருடத்தைப் படித்தபோது அந்தப் பிரிவு நிற்கவில்லை.

1987 செப்டம்பரில் அதே மேடையில் ஒரு தொழிலாளி விபத்தில் இறந்தார். பெர்மிட் முறையிலும் ஷிஃப்ட் மாற்றத் தகவலிலும் இருந்த குறைகள் அந்த வழக்கில் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டு, பெரு விபத்துக்குச் சில மாதங்கள் முன்பு, நிறுவனமே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இரவு ஷிஃப்டில் நின்றவருக்கு வால்வு பற்றித் தெரியாது, உண்மை. தகவல் போய்ச் சேராமல் போகும் என்பது மேலே இருந்தவர்களுக்குத் தெரியும். கீழே இருந்த அறியாமை மேலே இருந்த அலட்சியத்தால் வந்தது. போபாலிலும் இதே கதை. 1981 டிசம்பரில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு பட்டு ஒரு தொழிலாளி இறந்தார். 1982இல் அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து வந்த ஆய்வுக் குழுவே குறைகளைப் பட்டியலிட்டுக் கொடுத்தது. அதே ஆண்டு பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி ஊர் எரிமலையின் வாயில் இருக்கிறது என்று எழுதினார். நம் நெய்வேலியில் 2020இல் ஒரே அனல் நிலையத்தில் மே 7ஆம் தேதி ஒரு கொதிகலன் விபத்து, ஜூலை 1ஆம் தேதி இன்னொன்று. நடுவில் 55 நாள். இரண்டாவதில் இறந்தவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பெரிய விபத்துக்கு முன்னால் ஒரு சிறிய விபத்து வந்து கதவைத் தட்டிவிட்டுத்தான் போகிறது. அதைக் கேட்டுத் திறக்கவேண்டியவர் ஃபிட்டர் அல்ல.

இன்னொன்றும் கவனித்தேன். போபால் ஆலை நஷ்டத்தில் ஓடியது. ஆகவே செலவைக் குறைத்தார்கள், ஆளைக் குறைத்தார்கள், பயிற்சியைக் குறைத்தார்கள். பைப்பர் வருமானம் கொட்டும் மேடை. ஆகவே பெரிய கட்டுமான வேலைகள் நடக்கும்போதும் உற்பத்தியை நிறுத்தவில்லை. பணம் இல்லாத இடத்தில் பராமரிப்பு நின்றது, பணம் கொழித்த இடத்தில் பராமரிப்புக்காக ஆலை நிற்கவில்லை. நிதி இல்லை என்று சொல்லப்படும் சமாதானத்தை அதனால்தான் என்னால் ஏற்கமுடிவதில்லை.

விபத்துக்குப் பின் இரு நாடுகளும் வேறு வேறு வழியில் போயின. பைப்பருக்காக யாரும் சிறை செல்லவில்லை, நிறுவனத்தின் மேல் குற்ற வழக்கும் இல்லை. அது எனக்கு உறுத்துகிறது. ஆனால் கல்லன் பிரபு தலைமையில் நடந்த விசாரணை 1990இல் 106 பரிந்துரைகளைத் தந்தது, எல்லாமே ஏற்கப்பட்டன. அதுவரை எண்ணெய் உற்பத்தியைப் பெருக்கும் துறையே பாதுகாப்பையும் பார்த்துவந்தது. அந்தப் பொறுப்பு தனி அமைப்புக்கு மாறியது. மேடையை நடத்துபவரே தன் இடத்தில் என்னென்ன ஆபத்து உண்டு, ஒவ்வொன்றையும் எப்படிக் கட்டுப்படுத்துகிறேன் என்று எழுதி நிரூபிக்கவேண்டும், அதன்பிறகே ஓட்டலாம் என்று 1992இல் விதி வந்தது.

இந்தியா சட்டம் போடாமல் இல்லை. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஆபத்தான தொழில்களுக்கென்று ஒரு புது அத்தியாயம். கம்பெனியின் இயக்குநர் ஒருவரே ஆலையின் பொறுப்பாளர் என்று ஆக்கினார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று படும்போது அதை எடுத்துச் சொல்லும் உரிமையை 41எச் பிரிவு தொழிலாளிக்கே கொடுத்தது. எழுத்தளவில் இவை நல்ல சட்டங்கள். வழக்கு போன வழிதான் வேறு. 1989இல் 47 கோடி டாலருக்குச் சமரசம். 2010இல் உள்ளூர் அதிகாரிகள் சிலருக்கு இரண்டு ஆண்டுத் தண்டனை. யூனியன் கார்பைடின் தலைவராக இருந்த வாரன் ஆண்டர்சன் இந்திய நீதிமன்றக் கூண்டில் ஒரு நாளும் நிற்காமலே 2014இல் காலமானார். ஆலைக்குள் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு 2025 ஜனவரியில்தான் போபாலை விட்டுப் போனது. நாம் பெரும்பாலும் நடந்து முடிந்ததற்கு விலை பேசிக்கொண்டிருந்தோம். பிரிட்டன், தண்டிக்கத் தவறினாலும், நடப்பதற்கு முன் யார் பதில் சொல்லவேண்டும் என்பதை முடிவு செய்தது. ஒரு பராமரிப்பு ஷெட்டில் நிற்பவனுக்கு இரண்டாவதுதான் முதலில் வேண்டும்.

ஆபத்தை எடுத்துச் சொல்லும் அந்த உரிமை ஷெட்டில் எந்த உருவத்தில் வரும் என்று எனக்குக் காட்டியவர் ஒரு மூத்த ஃபிட்டர். பெயர் வேண்டாம், ஆலையின் பெயரும் வேண்டாம். பம்பைப் பிரிக்குமுன் மின்சார ஸ்விட்சில் தன் பூட்டைப் போட்டார். பூட்டில் அவர் படம் ஒட்டிய அட்டை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் மாட்டினார். பிறகு பம்பருகே வந்து ஸ்டார்ட் பட்டனை இரண்டு முறை அழுத்தினார். ஓடவில்லை. அப்புறம்தான் ஸ்பேனரை எடுத்தார். "சாவி என் பையில இருக்கிற வரைக்கும் மேனேஜரே வந்தாலும் இது ஓடாது தம்பி" என்றார்.

அவருக்கு எதிரே உட்கார்ந்து பம்புக்குள் கை விட்டுக்கொண்டிருந்த பையன் அன்று காலைதான் காண்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வந்தவன். அவனுக்குப் பூட்டு கொடுத்திருக்கவில்லை.