பத்துச் சிப்பி கிடைத்ததா, கிடைத்தனவா?

தூத்துக்குடிக்கு வடபுறம் ஒட்டினாற்போல் அமைந்திருக்கும் மாப்பிள்ளையூரணியில், தமிழ்வழியில் படிக்கும் மாணவன் ஒருவன் ஆங்கிலத் தாளில் 'தி போட்ஸ் இஸ் கமிங்' என்று எழுதுகிறான் என வைத்துக்கொள்வோம். ஆசிரியர் 'இஸ்' என்பதைச் சுழித்து மேலே 'ஆர்' என்று எழுதுகிறார். ஒரு மதிப்பெண் போயிற்று. அடுத்த மணி தமிழ். அங்கே அவன் 'படகுகள் வந்தது' என்று எழுத, அது 'வந்தன' என்று திருத்தப்படுகிறது. மாலையில் கடற்கரைக்குப் போனால் 'போட்டெல்லாம் வந்துட்டு' என்கிறார்கள் பெரியவர்கள். அங்கே சிவப்பு மையுடன் யாரும் நிற்பதில்லை!

இரண்டு தாள்களிலும் அவன் செய்த பிழை ஒன்றேதான். இதைக் கவனக்குறைவு என்று சொல்லித் தள்ளிவிடுவது எளிது. ஆனால் இதற்குப் பின்னே ஒரு நெடிய வரலாறு இருக்கிறது.

பழந்தமிழில் ஒருமை பன்மையை அறிவிக்கும் பொறுப்பு, அஃறிணையைப் பொறுத்தவரை, பெரும்பாலும் வினைச்சொல்லிடமே இருந்தது. ஒன்றைக் குறிக்கும் வினைமுற்றுகள் து, று, டு என்னும் ஈறுகளையும், பலவற்றைக் குறிப்பவை அ, ஆ, வ என்னும் ஈறுகளையும் பெறும் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. 'முத்து விழுந்தது' என்றால் ஒரு முத்து. 'முத்து விழுந்தன' என்றால் பல முத்து. பெயர் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். 'கள்' என்னும் விகுதி அஃறிணைப் பெயருக்குக் கட்டாயமன்று, வேண்டும்போது சேர்த்துக்கொள்ளலாம். இத்தகைய பெயர்களைப் பிற்கால நன்னூல் 'பால்பகா அஃறிணைப் பெயர்' என்று அழைக்கும்.

ஆங்கிலத்தில் பெயர், வினை இரண்டுமே எண்ணைக் காட்ட வேண்டும். தமிழுக்கு ஓரிடம் போதுமானதாக இருந்தது. பின்னர் நடந்ததுதான் வேடிக்கை. பேச்சு வழக்கில் 'வந்தன' என்னும் வடிவமே மறைந்து, ஒன்றானாலும் பலவானாலும் 'வந்தது' என்பதே நிலைத்தது. எண்ணைக் காட்டும் பொறுப்பு 'கள்' விகுதிக்கும் 'எல்லாம்' என்ற சொல்லுக்கும் கைமாறியது. எழுத்து வழக்கோ பழைய வினையையும் விடவில்லை, புதிய 'கள்'ளையும் விடவில்லை. 'படகுகள் வந்தன' என்று இரண்டு இடத்திலும் பன்மை காட்டும் இன்றைய பாடநூல் நடை இப்படி உருவானதே. ஆகவே நம் மாணவன் இலக்கணம் அறியாதவன் அல்லன். அவன் வீட்டு இலக்கணத்தைத் தவறாமல் பின்பற்றுகிறான்.

உயர்திணையில் நிலைமை வேறு. 'பிள்ளைக வந்தாங்க' என்று பேச்சிலும் பன்மை தெளிவாக நிற்கிறது. அப்படியானால் 'சில்ட்ரன்' என்ற எழுவாய் வரும்போது மாணவர்கள் 'இஸ்' என்று தவறுவது, 'போட்ஸ்' வரும்போது தவறுவதைவிடக் குறைவாக இருக்க வேண்டும் அல்லவா? ஆசிரியராக இருக்கும் வாசகர்கள் தம் வகுப்பு விடைத்தாள்களில் எண்ணிப் பார்க்கலாம். செலவில்லாத ஆராய்ச்சி.

தமிழ் வினைச்சொல்லை வேற்றுமொழிக் கண்ணோடு பார்த்து வியந்த ஐரோப்பியர்களில் முன்னோடி ஒருவர் இதே கடற்கரையில்தான் வாழ்ந்தார். போர்த்துகலில் 1520-ல் பிறந்த என்றீக்கே என்றீக்கசு பாதிரியார் முத்துக்குளித்துறைக்கு வந்து, புன்னைக்காயல் பகுதியில் நெடுங்காலம் பணியாற்றினார். 1548-ல் வேம்பாற்றிலிருந்து அவர் எழுதிய கடிதம் ஒன்று, இலத்தீன் முறையைத் துணைகொண்டு தமிழ் வினைகளையும் வேற்றுமைகளையும் வரிசைப்படுத்த அவர் பட்ட பாட்டைச் சொல்கிறது. ஏடு பயின்ற புலவர்களின் நடையைவிடப் பரதவ மக்களின் பேச்சே அவருக்குப் பாடநூலாயிற்று. அந்த முயற்சியின் பயனாக, போர்த்துகீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் உருவானது. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலால் என்றீக்கசைப் பலரும் அறிவர்; அவருடைய இலக்கணமோ லிசுபன் நூலகத்தில் கையெழுத்துப் படியாகவே கிடந்தது. 1982-ல் ஜெர்மனியைச் சேர்ந்த வெர்மீர் அதைப் பதிப்பித்தார். 2013-ல் ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டனர்.

அவருக்கு மூன்று நூற்றாண்டு பின்னால் வந்த கால்டுவெல், இடையன்குடியில் தங்கி 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். திராவிட மொழிகளில் அஃறிணைப் பெயர் பெரும்பாலும் எண் காட்டாமலே வழங்குகிறது, எத்தனை என்பதை இடம் நோக்கி அறிய வேண்டியிருக்கிறது என்பதை அவரும் எடுத்துக்காட்டினார்.

சரி, 'இஸ்' என்று எழுதியவனைத் திருத்தும் ஆங்கிலம் எப்போதும் ஒரே நிலையில் நின்றதா? இல்லவே இல்லை. 'ஆர்' என்ற சொல்லே இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து தெற்கே பரவியது. 1611-ல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் பல இடங்களில் பன்மைக்கு 'பீ' என்ற வடிவமே நிற்கிறது. வடஇங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் எழுவாய் பன்மைப் பெயராக இருந்தால் வினை 'ஸ்' என முடியும் வழக்கு இடைக்காலம் முதல் உண்டு. 'பறவைகள்' என்று தொடங்கினால் 'சிங்ஸ்', 'அவை' என்று தொடங்கினால் 'சிங்'. இன்று ஒருமையாக நடத்தப்படும் 'நியூஸ்' என்ற சொல் முன்பு பன்மையாகவும் வழங்கியது. ஒருவரை மட்டும் குறிக்கும்போது 'யூ வாஸ்' என்று சொல்வது 18-ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது. 1762-ல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத் அதைக் கண்டித்தார். முதலில் பலரைக் குறித்த 'யூ', மரியாதையின் காரணமாக ஒருவருக்கும் ஆகிவந்ததால் ஏற்பட்ட குழப்பம் அது. நம்மிடமும் பலரைக் குறித்த 'அவர்' ஒருவருக்குரிய மரியாதைச் சொல்லாகிவிட, பன்மைக்கு 'அவர்கள்' தேவைப்பட்டது. இப்போது அந்த 'அவர்கள்' கூட மரியாதைக்கு வந்துவிட்டது!

சிறிய வினைச்சொல்லில் பெரிய செய்தி தங்குவதும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்ற பெயரை அந்நாட்டின் அரசியல் சட்டம் பன்மையாகவே கொண்டது. 1865-ஆம் ஆண்டின் 13-ஆவது திருத்தத்திலும் 'அவற்றின்' என்ற பொருள்படும் சொல்லே இருக்கிறது. பல மாநிலங்களா, ஒரு நாடா என்ற வழக்கு 1861 முதல் 1865 வரை போர்க்களத்தில் நடந்தது. 1902-ல் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையின் குழு ஒன்று ஒருமை வினையே பொருந்தும் என்று முடிவு சொன்னது.

பழைய கிரேக்கத்தைப் பார்த்தால் நம் மாணவனுக்கு இன்னும் நல்ல துணை கிடைக்கும். அம்மொழியில் நபும்சகப் பன்மைப் பெயர், ஒருமை வினையையே பெறும்; அதுதான் விதி. அத்தகைய பன்மை தொடக்கத்தில் ஒரு தொகுதியைக் குறித்த பெயர் என்று 1889-ல் யோகன்னஸ் ஷ்மிட் என்னும் ஜெர்மானிய அறிஞர் விளக்கினார். மந்தை ஒன்று, குவியல் ஒன்று. ஆகவே வினையும் ஒருமை. கடற்கரையில் 'போட்டெல்லாம்' என்று சேர்த்துச் சொல்லி 'வந்துட்டு' என முடிக்கும்போது இதே போக்கின் சாயல் தெரியவில்லையா?

எண்ணுப்பெயர் வரும்போது இது மேலும் விளங்கும். தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்து ஓய்ந்தது. படகில் வந்த சிப்பியை மூன்று பங்காக்கி, ஒன்று குளியாளிக்கும் இரண்டு அரசுக்கும் போகும். அரசுப் பங்கை எண்ணி ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். 'ஆயிரம் சிப்பி' என்பதே வழக்கு. 'ஆயிரம்' என்று சொன்ன பிறகு 'கள்' எதற்கு? துருக்கி மொழியும் அங்கேரி மொழியும் எண்ணுக்குப் பின் பெயரை ஒருமையிலேயே வைக்கின்றன. அங்கேரி மொழியில் வினையும் ஒருமைதான். ஆங்கிலமோ எண்ணில் ஒரு முறை, பெயரில் ஒரு முறை, வினையில் ஒரு முறை என மூன்று தடவை எண்ணுகிறது. பரீட்சைக்குப் போகும் மாணவன் அந்த மூன்றையும் எழுதத்தான் வேண்டும். 'பத்துச் சிப்பி கிடைச்சுது' என்று சொன்ன அவன் தாத்தா ஒரே தடவை எண்ணினார். ஏலத்தில் அவர் கணக்கு குறைந்ததில்லை.