விதானத்தின் நீலம்

வண்ணம் தீட்டிய அறையொன்றில் நுழைவோர் முதலில் காண்பது சுவர்களையே. விதானத்தை ஏறெடுத்துப் பார்ப்போர் சிலரே. ஆயினும், அவ்வறையில் மனம் அமைதி கொள்ளுமா, அலைக்கழியுமா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது தலைக்கு மேலே உள்ள நிறந்தான். நான்கு சுவர்களும் அடர்ந்த நிறங்களால் உரத்துப் பேசும்போது மேலே எந்த நிறம் பொருந்தும்? வீடு கட்டுவோரும் கேட்கும் வினா இது. பங்கு ஆலயத்தைப் புதுப்பிக்க முனைவோரும் கேட்கும் வினா இது. ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலி நாட்டுப் பதுவை நகரில் ஓர் ஓவியர் இதற்குத் தந்த விடையை நாம் இங்கே சிந்திப்போம்.

பதுவைச் சிற்றாலயம்

பதுவை என்னும் பெயர் நம் மக்களுக்குப் புதிதன்று. புனித அந்தோனியாரின் திருப்பெயரோடு சேர்த்து நம் இல்லங்களில் வழங்கிவரும் ஊர்ப்பெயர் அது. அந்நகரில் பண்டைய உரோமையரின் விளையாட்டரங்கு இருந்த நிலத்தை 1300-ஆம் ஆண்டில் என்ரிக்கோ ஸ்குரோவேஞி என்னும் செல்வர் விலைக்கு வாங்கினார். அங்கே தமக்கென மாளிகையும், அதனை ஒட்டி அன்னை மரியாவின் பெயரால் ஒரு சிற்றாலயமும் எழுப்பினார்.

என்ரிக்கோவின் தந்தை ரெஜினால்தோ வட்டித் தொழிலால் பெரும்பொருள் ஈட்டியவர். கவிஞர் தாந்தே தம் பெருங்காப்பியத்தின் நரகப் பகுதியில், கழுத்தில் தொங்கும் வெண்ணிறப் பையில் நீலப் பன்றியின் உருவம் பொறித்த வட்டிக்காரர் ஒருவரைக் காட்டுகின்றார். அது ஸ்குரோவேஞி குடும்பத்தின் சின்னமாதலால் அவர் ரெஜினால்தோவே என்று உரையாசிரியர்கள் கொள்வர். தந்தையின் பழிக்குக் கழுவாய் தேடியே மகன் ஆலயம் எழுப்பினார் என்ற கருத்து நெடுங்காலமாக வழங்கி வருகின்றது.

ஆனால் அக்கம்பக்கத்தார் எல்லாரும் அவ்வாறு எண்ணவில்லை. அருகிலிருந்த அகுஸ்தீன் சபைத் துறவியர் 1305 சனவரியில் ஒரு முறையீடு செய்தனர். கொடுத்த அனுமதியின் எல்லை மீறப்பட்டுள்ளது, மணிக்கூண்டு எழுந்துள்ளது, இறைவனின் மாட்சியைவிடச் செல்வச் செருக்கும் வீண்பெருமையுமே இங்கு மிகுதி என்பது அவர்களது குற்றச்சாட்டு. அதே ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள், மங்கள வார்த்தைத் திருநாளன்று, சிற்றாலயம் அர்ச்சிக்கப்பட்டது. செருக்கா, மனமாற்றமா என்னும் ஐயம் சூழ்ந்த அந்தக் கட்டடத்தின் உள்ளேதான் ஜொத்தோ என்னும் பிளாரன்சு நகர ஓவியர் வண்ணம் தீட்டினார்.

ஓவியரின் தேர்வு

இடம் பெரிதன்று. நீளம் ஏறக்குறைய 21 மீட்டர். அகலம் எட்டரை மீட்டர். தென்சுவரில் மட்டும் ஆறு சாளரங்கள். மாளிகையை ஒட்டி நின்ற வடசுவரில் ஒன்றுகூட இல்லை. மேலே பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தாற்போன்ற வளைந்த விதானம். இருபுறச் சுவர்களிலும் மூன்று வரிசைகளாக, சுவக்கின்–அன்னம்மாள் வரலாறு தொடங்கி, அன்னை மரியாவின் வாழ்வு, கிறிஸ்துவின் வாழ்வு, பாடுகள், உயிர்ப்பு என ஏறக்குறைய நாற்பது காட்சிகளை ஜொத்தோ வரைந்தார். இளஞ்சிவப்பும் பச்சையும் செம்பழுப்பும் அக்காட்சிகளில் நிறைந்துள்ளன. ஆண்டவரை முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கும் யூதாசின் மஞ்சள் மேலாடை ஒன்றே கண்ணைப் பறிக்கப் போதும்.

இத்தனைக்கும் மேலே என்ன நிறம்? பொன் பூசியிருக்கலாம், செல்வருக்கு அது அரிதன்று. ஆனால் துறவியரின் முறையீடு அப்போது மெய்யாகியிருக்கும். இன்னும் பல காட்சிகளை வரைந்திருக்கலாம். ஆனால் காண்போரின் கண்ணுக்கு இளைப்பாற இடமிருந்திராது. வெறும் சுண்ணாம்பு வெண்மையோடு விட்டிருக்கலாம். அப்போது வண்ணச் சுவர்கள் மேல்விளிம்பில் வெட்டுண்டு நின்றிருக்கும்.

ஜொத்தோ தேர்ந்தது பொன் விண்மீன்கள் சிதறிய ஆழ்ந்த நீலம். அவ்வழக்கம் அவருக்கு முன்னரே இருந்தது. இத்தாலியின் இராவென்னா நகரில் 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லா பிளாசிதியா நினைவு மண்டபத்தில், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பொன் விண்மீன்களோடு கருநீல விதானம் இன்றும் ஒளிர்கின்றது. ஜொத்தோவின் தனிச்சிறப்பு வேறிடத்தில் உள்ளது. அவர் சுவரில் வரைந்த காட்சிகளின் பின்னே விரியும் வானமும் அதே நீலந்தான். ஒரு காட்சியில் அழுகை, மறு காட்சியில் திருமணம், அடுத்ததில் படுகொலை. ஆனால் எல்லாவற்றின் பின்னும் ஒரே வானம். அந்த வானமே சுவர்களின் மேல் ஏறி வளைந்து விதானமாகின்றது. புதிய நிறம் ஒன்றையும் மேலே கொண்டுசெல்லாமல், சுவர்களில் ஏற்கெனவே இருந்த நிறத்தையே எடுத்து மேலே விரித்தார்.

கீழே, தரையை ஒட்டிய பகுதியில், ஏழு நற்பண்புகளையும் ஏழு தீப்பண்புகளையும் கற்சிலைபோல் சாம்பல் நிறத்தில் மட்டுமே வரைந்தார். இவ்வாறு அடியிலே சாம்பல், மேலே நீலம் என்னும் இரு அமைதிகளுக்கு நடுவில் வண்ணக் காட்சிகள் நிற்கின்றன. அவை ஒன்றோடொன்று மோதாமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

நீலத்தின் விலை

அக்காலத்தில் நீலம் எளிதில் கிடைக்கும் பொருளன்று. உயர்ந்த நீலம் ஆப்கானித்தானத்துப் பதக்சான் மலைச் சுரங்கங்களில் கிடைத்த வைடூரிய நீலக் கல்லிலிருந்து எடுக்கப்பட்டது. கடல் கடந்து வந்தமையால் 'கடலுக்கு அப்பாலைய நீலம்' என்று பொருள்படும் பெயரே அதற்கு வழங்கிற்று. 1485-இல் பிளாரன்சில் கிர்லாந்தாயோ என்னும் ஓவியரோடு செய்த ஒப்பந்தத்தில், அவுன்சுக்கு ஏறக்குறைய நான்கு பொற்காசு பெறுமான நீலமே இடவேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. பெரும் பரப்புகளுக்குச் செம்புக் கனிமத்திலிருந்து கிடைத்த விலை குறைந்த நீலமும் பயன்பட்டது.

இந்நீலத்தைப் பெரும்பாலும் ஈரச் சாந்தின்மீது பூசாமல், சாந்து காய்ந்த பின்னர்ப் பசை கலந்து மேலே பூசினர். ஈரச் சாந்தில் பூசிய நிறங்கள் சுவரோடு ஒன்றிவிட்டன. காய்ந்த பின் பூசிய நீலமோ காலப்போக்கில் உதிர்ந்தது. பதுவையில் ஞானியர் மூவர் குழந்தையை வணங்கும் காட்சியில் அன்னையின் நீல ஆடை பெரிதும் மறைந்துபோனது இதனாலேயே. மிக விலை கொடுத்து வாங்கிய நிறமே முதலில் உதிர்ந்தது.

பின்னர்க் காலம் மாறிற்று. செயற்கை நீலம் செய்யும் வழியைக் காண்போருக்கு 6,000 பிராங்கு பரிசு தரப்படும் என்று 1824-இல் பிரெஞ்சு நாட்டில் அறிவிக்கப்பட்டது. 1828-இல் கிமே என்பவர் அதனைப் பெற்றார். பொற்காசுகளால் அளந்த நீலம் அதன்பின் ஏழைகளின் பொருளாயிற்று. நம் ஊர்களில் துணிக்கு இட்ட நீலப்பொடியும், சுண்ணாம்பின் மஞ்சட் சாயலை மறைக்க வெள்ளையடிப்போர் ஒரு சிட்டிகை கலந்த நீலமும் அச்செயற்கை நீலத்தின் வழிவந்தவையே. பதுவைச் செல்வர் பெரும்பொருள் ஈந்து பெற்ற நிறத்தின் ஒரு சாயல் நம் குடிசைச் சுவர்களிலும் படிந்தது.

உரோமையில் வேறொரு முடிவு

உரோமையின் சிஸ்டைன் சிற்றாலயத்திலும் முதலில் நீல விதானமே இருந்தது என்பதைப் பலர் அறியார். 1481, 1482-ஆம் ஆண்டுகளில் போத்திசெல்லி, பெருஜினோ முதலியோர் சுவர்களில் மோசேயின் வரலாற்றையும் கிறிஸ்துவின் வரலாற்றையும் வரைந்தபோது, மேலே பியர்மத்தேயோ என்னும் ஓவியர் பொன் விண்மீன்கள் பொறித்த நீல வானத்தை அமைத்திருந்தார். 1504-இல் விதானத்தில் பெரிய விரிசல் கண்டது. திருத்தந்தை 2-ஆம் ஜூலியஸ் அப்பணியை மைக்கலாஞ்சலோவிடம் ஒப்படைக்க, 1508 முதல் 1512 வரை அவர் படைத்த ஓவியங்களின் கீழே அந்நீலம் மறைந்தது.

உலகம் போற்றும் படைப்பு அது. ஆயினும் ஒன்றை நாம் காணத் தவறலாகாது. இன்று அங்குச் செல்வோர் நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடியே நிற்கின்றனர். சுவர்களில் பெரும் ஓவியர்கள் வரைந்தவை பலர் கண்ணில் படுவதேயில்லை. விதானம் பேசத் தொடங்கினால் சுவர்கள் அடங்கிவிடும். இரண்டில் எது பேசவேண்டும் என்பதை முன்னரே முடிவு செய்தல் வேண்டும்.

நமக்குரிய பாடம்

ஆகவே, அடர்ந்த நிறச் சுவர்களுக்கு விதானம் தேர்வோர் மனத்திற் கொள்ளத்தக்கவை சில உள. விதானத்தின் நிறத்தை வெளியில் தேடாமல் அறைக்குள்ளேயே தேடலாம். சுவரிலோ தரையிலோ பீடத்திலோ இருக்கும் நிறமொன்றின் மென்சாயல் பெரும்பாலும் பொருந்தும். தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒளியே பெரும்பாலும் விதானத்தைச் சேர்வதால், கடையில் அட்டையில் கண்ட நிறம் மேலே சென்றதும் ஒரு படி இருண்டு தோன்றும். தூய வெண்மை பூசினாலும் சிவந்த சுவரின் செம்மை அதில் படியும். எனவே விதானத்தின் ஒரு மூலையில் சிறிது பூசி, காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் பார்த்த பின்னரே முடிவு செய்வது நன்று. விலை மிகுந்த நிறமே சிறந்தது என்னும் எண்ணத்தையும் விட்டுவிடலாம்.

பதுவையில் இன்னுமொன்று உள்ளது. வாயிலுக்கு மேலுள்ள மேற்குச் சுவர் முழுவதும் இறுதித் தீர்ப்பு. அதில் அன்னையின் முன் முழந்தாளிட்டு, தாம் கட்டிய சிற்றாலயத்தின் உருவை என்ரிக்கோ கையளிக்கின்றார். அச்சுவரின் உச்சியில் வானதூதர் இருவர், விரித்த ஓலையைச் சுருட்டுவதுபோல நீல வானத்தையே சுருட்டுகின்றனர். அதன் பின்னிருந்து விண்ணக எருசலேமின் ஒளிமிகு வாயில் தெரிகின்றது. விலையுயர்ந்த அந்நீலமும் ஒரு திரைதான், ஒருநாள் சுருட்டப்படும் என்று ஓவியர் தம் விதானத்தைப் பற்றியே எழுதிவைத்தார் போலும். என்ரிக்கோவின் உள்ளத்தில் இருந்தது செருக்கா, மனமாற்றமா என்பதை இறைவனே அறிவார். அவர் தலைக்கு மேல் ஜொத்தோ விரித்த நிறமோ, தனக்கெனப் புகழ் தேடாமல், சுவர்களில் உள்ள மீட்பின் வரலாற்றை நாம் காண இடம்விட்டு நிற்கின்றது.