எரித வடிகட்டி

எரித வடிகட்டி என்பது மின்னஞ்சல் வழியாக வந்துசேரும் வேண்டாத மடல்களை, அவை பயனரின் உள்பெட்டியை அடையுமுன் இனங்கண்டு பிரிக்கும் மென்பொருள் ஆகும். ஸ்பேம் என்று பரவலாக அறியப்படும் இம்மடல்கள் தமிழ்க் கணிமையில் எரிதம் என்றும், பேச்சு வழக்கில் குப்பை மடல் என்றும் வழங்கப்படுகின்றன. பிரித்த மடலை உடனே அழிக்காமல் குறிப்பிட்ட காலம் தனியே நிறுத்திவைப்பது தடுத்துவைப்பு எனப்படும்.

வடிகட்டி இருவகைப் பிழைகளைச் செய்யக்கூடும். எரிதத்தை நன்மடல் எனக் கருதி உள்ளே விடுவது ஒன்று. நன்மடலை எரிதம் எனக் கருதித் தடுப்பது மற்றொன்று. இவ்விரண்டும் சம எடை கொண்டவை அல்ல. முதற்பிழையால் பெரும்பாலும் பயனரின் சில நொடிகளே வீணாகின்றன. இரண்டாம் பிழையால் நேர்காணல் அழைப்போ கல்லூரி இட ஒதுக்கீட்டு அறிவிப்போ கெடு முடியும்வரை கண்ணில் படாமலே போகலாம். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கான கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெறுகிறது. கன்னிவாடி போன்ற சிற்றூரிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவருக்கு, பதிவின்போது தந்த மின்னஞ்சல் முகவரியும் கைபேசி எண்ணுமே கலந்தாய்வுடனான தொடர்பு. தடுத்துவைப்பு என்ற ஏற்பாடு தோன்றியதும் இந்த இரண்டாம் பிழையைத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு வேண்டும் என்பதற்காகவே.

வரலாறு

1978 மே 3 அன்று, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி தியூர்க் என்பவர் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் ஏறக்குறைய 400 பேருக்கு அனுப்பிய கணினி விளம்பரமே முதல் எரித மடலாகக் கொள்ளப்படுகிறது. ஸ்பேம் என்ற பெயர் அப்போது இல்லை. அது தகரத்தில் அடைத்த ஓர் இறைச்சியின் பெயர். அச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறும் மான்டி பைத்தான் குழுவின் 1970 ஆம் ஆண்டு நகைச்சுவைக் காட்சி ஒன்றிலிருந்து பிற்காலத்தில் இணையத்திற்கு வந்தது.

எரிதம் அனுப்பும் கணினிகளின் முகவரிகளைத் தொகுத்துத் தடுக்கும் கரும்பட்டியல்கள் 1990களின் பிற்பகுதியில் உருவாயின. இன்றும் பயன்பாட்டில் உள்ள ஸ்பாம்ஹவுஸ் 1998 இல் தொடங்கப்பட்டது. மடலின் உள்ளடக்கத்திற்குப் புள்ளியிடும் கட்டற்ற மென்பொருளான ஸ்பாம்அசாசின் 2001 இல் வெளியானது. சொற்களின் நிகழ்தகவைக் கொண்டு எரிதத்தைக் கணிக்கும் பேய்சு முறை, ஆகத்து 2002 இல் பால் கிரஹாம் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே பரவலானது. அம்முறை பற்றிய ஆய்வுகள் 1998 இலேயே வெளிவந்திருந்தன.

செயல்படும் முறை

மடல் ஒன்று வழங்கியின் வாயிலுக்கு வந்ததும், அனுப்பும் கணினியின் இணைய முகவரி கரும்பட்டியலில் உள்ளதா என்று பார்க்கப்படும். சில வழங்கிகள் அறிமுகமற்ற அனுப்புநரைச் சற்று நேரம் கழித்து வருமாறு தற்காலிகப் பிழைச்செய்தி தந்து திருப்பும். இது சாம்பற்பட்டியல் முறை எனப்படும். முறையான வழங்கி மீண்டும் முயலும். அவசர அவசரமாக அனுப்பித் தள்ளும் எரித நிரல்களில் பல முயல்வதில்லை.

அடுத்தது அனுப்புநரின் மெய்ம்மையைச் சரிபார்த்தல். மின்னஞ்சலின் அடிப்படை நெறிமுறையில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் எவரும் எவருடைய முகவரியையும் எழுதலாம். இக்குறையை ஈடுசெய்ய, ஓர் ஆள்களப் பெயரின் சார்பாக மடல் அனுப்ப உரிமையுள்ள கணினிகளை அறிவிக்கும் எஸ்பிஎஃப், மடலில் மறையீட்டுக் கையொப்பம் இடும் டிகேஐஎம், இவை பொருந்தாவிடில் என்ன செய்ய வேண்டும் என்று ஆள்கள உரிமையாளரே கூறும் டிமார்க் ஆகிய மூன்றும் வகுக்கப்பட்டன. நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் பயனர்களுக்கு அனுப்புவோர் இம்மூன்றையும் கொண்டிருக்க வேண்டும் என்று கூகுள் பிப்ரவரி 2024 முதல் விதித்தது. குறைவாக அனுப்புவோருக்கு முதலிரண்டில் ஒன்றேனும் வேண்டும். எனவே ஒரு சிறு கல்லூரியின் மடல் எரிதப் பெட்டிக்குச் செல்கிறது என்றால், குறை பெறுநரின் வடிகட்டியில் அன்றி அனுப்புநரின் ஆள்களப் பதிவில் இருக்கக்கூடும்.

இறுதியாக உள்ளடக்கம் ஆராயப்படுகிறது. ஸ்பாம்அசாசினில் ஒவ்வொரு விதிக்கும் ஒரு புள்ளி உண்டு. ஐயத்திற்குரிய இணைப்பு, தலைப்பு முழுவதும் பெரிய எழுத்துகள் போன்றவை புள்ளியைக் கூட்டும். நல்ல அறிகுறிகள் குறைக்கும். கூட்டுத்தொகை 5 ஐ எட்டினால் மடல் எரிதமாகக் குறிக்கப்படும். இவ்வெல்லையை நிருவாகி மாற்றலாம். பேய்சுப் பகுதியோ குறைந்தது 200 எரிதங்களையும் 200 நன்மடல்களையும் கண்டு பயின்ற பின்னரே கணிக்கத் தொடங்கும்.

தமிழ் மடல்களும் வடிகட்டியும்

வடிகட்டிகள் பெரும்பாலும் ஆங்கில மடல்களைக் கொண்டு வளர்க்கப்பட்டவை. ஒருங்குறி பரவுமுன் தமிழ் மடல்கள் திஸ்கி முதலிய எண்பிட்டுக் குறியாக்கங்களில் எழுதப்பட்டன. அவற்றை அறியாத நிரலுக்கு அம்மடல் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகவே தோன்றும். மடலின் தலைப்பில் உரிய முறையில் மாற்றப்படாத இத்தகைய எழுத்துகள் மிகுந்திருந்தால் புள்ளியைக் கூட்டும் விதி ஸ்பாம்அசாசினில் உண்டு. எனவே தமிழில் எழுதியதே குற்றம் போல ஆயிற்று.

ஒருங்குறி இச்சிக்கலைக் குறைத்ததே அன்றி நீக்கவில்லை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியுருவும் 3 பைட்டுகள் கொள்ளும். 'கன்னிவாடி' என்பது கண்ணுக்கு ஐந்தெழுத்து. மெய்ப்புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறியுருக்கள் ஆதலால் கணினிக்கு 9 குறியுருக்கள், 27 பைட்டுகள். இத்தகைய உரையை மின்னஞ்சலில் அனுப்ப இரு மாற்றுமுறைகள் உள்ளன. ஒன்றில் ஒரு தமிழ்க் குறியுரு 9 எழுத்துகளாக விரியும். பேஸ்64 என்னும் மற்றதில் 4 எழுத்துகளே ஆகும். எனவே தமிழுக்கு இயல்பாகவே பேஸ்64 பொருத்தமானது. ஆனால் உரையை ஒளித்து அனுப்ப எரிதக்காரர்களும் அதனையே கையாண்டதால், வெறும் உரையைப் பேஸ்64 இல் அனுப்புவதை ஐயத்திற்குரியதாகக் கருதும் விதியும் எழுதப்பட்டது.

பேய்சு முறைக்கு வேறொரு இடர்ப்பாடு. அது சொற்களை இடைவெளி கொண்டு பிரித்து எண்ணுகிறது. ஆங்கிலத்தில் ஓரிரு வடிவங்களே கொண்ட ஒரு சொல், தமிழில் பரிசு, பரிசை, பரிசாக, பரிசுக்கு, பரிசுத்தொகை எனப் பலவாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொன்றும் வடிகட்டிக்குப் புதிய சொல். ஆகவே தமிழ் மடல்கள் அதிகம் வரும் அலுவலகத்தில், 200 என்ற குறைந்தபட்ச எண்ணிக்கையுடன் நில்லாமல் தமிழ் நன்மடல்களையும் தமிழ் எரிதங்களையும் தனியே திரட்டிப் பயிற்றுவிப்பது அவசியமாகும்.

மொழிவாரியாகத் தடுக்கும் வசதியும் கவனிக்கத்தக்கது. ஸ்பாம்அசாசினில் ஏற்கத்தக்க மொழிகளைப் பட்டியலிடலாம்; மைக்ரோசாப்ட் 365 இல் குறிப்பிட்ட மொழி மடல்களை எரிதமாகக் குறிக்கலாம். ஆங்கிலம் மட்டும் போதும் என்று வெளியூர்த் தலைமையகம் ஒன்று அமைத்துவிட்டால், அதன் திண்டுக்கல் கிளைக்கு வரும் தமிழ் மடல்களும் அவ்விதியில் சிக்கும்.

அமைத்தல்

புதிய வடிகட்டியை முதல் நாளிலேயே தடுக்கும்படி அமைப்பது நன்றன்று. சில வாரங்கள் தலைப்பில் குறியிட மட்டும் விட்டு, எவை பிடிபடுகின்றன என்று கண்ட பின்னர் எரிதப் பெட்டிக்கு மாற்றலாம். புள்ளி மிக உயர்ந்தவற்றை மட்டும் வாயிலிலேயே மறுக்கலாம். மறுக்கும்போது அனுப்பும் வழங்கிக்குப் பிழைச்செய்தி செல்வதால், மெய்யான அனுப்புநர் தம் மடல் சேரவில்லை என்று அறிவார். ஏற்றுக்கொண்டு ஓசையின்றி அழிப்பதில் இவ்வாய்ப்பு இல்லை. ஏற்றுக்கொண்டபின் திருப்பியனுப்புவதும் தவறே. போலி முகவரியின் உண்மையான உரிமையாளருக்கே அத்திருப்பம் போய்ச்சேரும்.

அனுமதிப் பட்டியலில் முகவரிகளைச் சேர்ப்பது எளிய தீர்வாகத் தோன்றினும், அனுப்புநர் முகவரியை மட்டும் நம்புவது மோசடி மடலுக்குக் கதவைத் திறந்துவிடுவதாகும். குறிப்பாகத் தம் நிறுவனத்தின் ஆள்களப் பெயரையே இதில் சேர்த்தல் கூடாது. மெய்ம்மைச் சரிபார்ப்பில் தேறினால் மட்டுமே செல்லும்படி நிபந்தனையுடன் சேர்க்க வேண்டும்.

தடுத்துவைத்த மடல்களை மேலாளுதல்

எரிதப் பெட்டியும் தடுத்துவைப்பும் ஒன்றல்ல. முன்னது பயனரின் அஞ்சற்கணக்கிலேயே உள்ள கோப்புறை. பின்னது வழங்கியில் நிருவாகியின் பொறுப்பில் இருப்பது. பயனருக்கு அனுப்பப்படும் சுருக்க அறிவிப்பு வாயிலாகவோ தனி வலைப்பக்கத்திலோதான் காண இயலும். பாப்3 நெறிமுறையில் மடல்களைத் தரவிறக்குவோர் எரிதப் பெட்டியைக்கூடக் காண்பதில்லை, அந்நெறிமுறை உள்பெட்டியை மட்டுமே அறியும்.

ஜிமெயிலில் எரிதப் பெட்டியில் உள்ளவை 30 நாட்களுக்குப் பின் தாமாக அழிக்கப்படுகின்றன. எனவே மாதம் ஒருமுறை பார்ப்பவர் விளிம்பில் உள்ளவற்றை இழக்க நேரும். வாரம் ஒருமுறை, சேர்க்கைக் காலத்திலும் வேலைக்கு விண்ணப்பித்த காலத்திலும் நாள்தோறும் பார்ப்பது தகும். நன்மடலைக் கண்டால் உள்பெட்டிக்கு நகர்த்துவதோடு 'எரிதம் அல்ல' என்று குறித்தால் வடிகட்டியும் கற்றுக்கொள்ளும்.

விடுவிக்குமுன் அனுப்புநரின் முழு முகவரியைப் பார்க்க வேண்டும். பெயரை மட்டும் நம்பலாகாது. நச்சுநிரல் இணைப்பு உள்ளதெனத் தடுக்கப்பட்டவற்றை விடுவிக்கும் உரிமையைப் பயனருக்கு அளிக்காமல் நிருவாகியிடமே வைப்பது வழக்கம். தடுத்துவைத்த மடல்களில் பிறருடைய அந்தரங்கச் செய்திகளும் இருப்பதால், அவற்றைப் படிக்க உரிமையுள்ளோர் யார் என்பதை நிறுவனம் முன்னரே வரையறுத்திருத்தல் வேண்டும்.

சட்ட நிலை

இந்தியாவில் மின்னஞ்சல் எரிதத்திற்கென்று தனிச்சட்டம் இயற்றப்படவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இல் பின்னர் சேர்க்கப்பட்ட 66அ பிரிவின் ஓர் உட்பிரிவு, தொல்லை தரும் அல்லது பிறப்பிடத்தை மறைக்கும் மின்னஞ்சலைக் குற்றமாக்கியது. பேச்சுரிமைக்கு முரணானது என்று 66அ பிரிவு முழுவதையும் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் நீக்கியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 ஆம் ஆண்டு விதிமுறைகள் தொலைபேசி அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் உரியவை; மின்னஞ்சலுக்குப் பொருந்தா.

அதே சட்டத்தின் 13 ஆம் பிரிவு பலர் கவனியாதது. தரப்பினர் வேறுவகையில் உடன்பட்டிராவிடில், பெறுநர் குறிப்பிட்டுள்ள கணினி வளத்தினுள் மின்பதிவு நுழையும் நேரமே அது பெறப்பட்ட நேரமாகும் என்கிறது அப்பிரிவு. திறந்து படித்ததைப் பற்றியோ, எந்தப் பெட்டியில் விழுந்தது என்பதைப் பற்றியோ அது பேசவில்லை. எனினும், ஒப்புகை கிடைத்தால்தான் மின்பதிவு தம்மைக் கட்டுப்படுத்தும் என்று அனுப்புநர் நிபந்தனை விதித்திருந்தால், ஒப்புகை வரும்வரை அது அனுப்பப்படாததாகவே கருதப்படும் என்று 12 ஆம் பிரிவு கூறுகிறது.