'நீ'யைத் தொலைச்ச இங்கிலீஷ்

ஆபீஸில் ஒரு ஸ்பெக் டாக்குமெண்ட் ரிவ்யூ. 'யூசர் லாகின் செய்ததும் தே ஆர்...' என்று போகிற ஒரு வாக்கியத்தை சீனியர் ஒருத்தர் பிடிச்சுக்கிட்டார். யூசர் ஒருமை, 'தே' பன்மை, 'ஆர்' பன்மை வினை, அதனால 'ஹி இஸ்'னு மாத்துன்னார். ரென் அண்ட் மார்ட்டின் வெச்சு உருட்டின எல்லாருக்கும் தெரிஞ்ச ரூல்தான். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "உங்க ஒருத்தர்கிட்ட பேசும்போதும் 'யூ ஆர்'னுதானே சொல்றேன், அந்த 'ஆர்' எப்படிங்க ஒருமைக்கு வந்தது?" பதில் இல்லை. சரி, நாமே தேடுவோம்னு உட்கார்ந்தா கதை அடிதடி, ஜெயில், கோர்ட் கேஸ்னு போகுது.

பழைய இங்கிலீஷில் நம்மளை மாதிரியே ஒருத்தருக்கு ஒண்ணு, பலருக்கு ஒண்ணு. நீ என்றால் 'தௌ', நீங்கள் என்றால் 'யீ'. இன்னைக்கு நாம சொல்ற 'யூ' அப்போ எழுவாயே கிடையாது, 'உங்களை', 'உங்களுக்கு' வர்ற இடத்தில் வரும் சொல். வினையும் கூடவே மாறும். 'தௌ'வுக்கு 'ஆர்ட்', 'ஹேஸ்ட்'. 'யீ'க்கு 'ஆர்', 'ஹேவ்'. நம்ம வந்தாய், வந்தீர்கள் மாதிரி வினையைப் பார்த்தே ஆளைச் சொல்லிடலாம்.

நடுவுல ஒரு உபகதை. 'தே' என்பது அசல் இங்கிலீஷ் சொல்லே இல்லை. கப்பலேறி வந்து கொள்ளையடிச்சு, அப்புறம் அங்கேயே குடியேறிட்டாங்களே வைக்கிங்குகள், அவங்க மொழியிலிருந்து வந்தது. பழைய இங்கிலீஷில் அவன், அவள், அவர்கள் மூணுக்கும் உச்சரிப்பு நெருங்கி நெருங்கி ஒரே குழப்பம். பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட தெளிவா ஒரு சொல் இருக்க, கடன் வாங்கிக்கிட்டாங்க. அதுவும் தவணை முறையில்! 1400-ல் இறந்த சாசர் எழுவாய்க்கு 'தே' போடுவார், ஆனால் 'அவர்களை' என்று வர்ற இடத்தில் பழைய 'ஹெம்'தான். சோறு, சட்டைக்கெல்லாம் எந்த மொழியும் கடன் வாங்கும். 'அவர்கள்' என்பதையே கடன் வாங்கினது அபூர்வம்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம். 1066-ல் நார்மன்காரங்க ஜெயிச்ச பிறகு அரண்மனையில் பிரெஞ்சுதான். பிரெஞ்சில் பெரிய மனுஷனை 'வூ'ன்னு பன்மையில் கூப்பிடணும். 13-ம் நூற்றாண்டு வாக்கில் இங்கிலீஷ்லயும் அந்தப் பழக்கம் தொத்திக்கிச்சு. நமக்கு இது புதுசில்லை. 'அவர் வந்தார்' என்பதில் இருக்கிற 'ஆர்' விகுதியே பலர்பால்தான், மரியாதைக்காக ஒருத்தர் தலையில் ஏத்தி வெச்சிருக்கோம். ஒருத்தரைப் பன்மையில் சொல்றது வழக்கில் உயர்வுக்காக வர்றது, கறாரான இலக்கணம் இல்லைன்னு தொல்காப்பியமே சொல்லிடுச்சு.

வித்தியாசம் என்னன்னா, நாம 'நீ'யைக் கைவிடலை. அங்கே யாருக்கு 'தௌ', யாருக்கு 'யூ' என்பது பெரிய பிரச்சினை ஆயிடுச்சு. 1603-ல் வால்டர் ராலே மேல ராஜதுரோக வழக்கு. அரசு வக்கீல் எட்வர்ட் கோக் அவரைத் துரோகின்னு திட்டினதோட நிக்காம, உன்னை 'தௌ'ன்னுதான் கூப்பிடுறேன்னு கோர்ட்டிலேயே கத்தினார். 'டேய்'னு கூப்பிட்ட மாதிரி வெச்சுக்குங்க.

அடுத்து வந்தாங்க குவேக்கர்கள். 17-ம் நூற்றாண்டு நடுவில் ஜார்ஜ் ஃபாக்ஸ் ஆரம்பிச்ச கிறிஸ்தவ இயக்கம். கடவுள் முன்னாடி எல்லாரும் சமம், அதனால நீதிபதி முன்னாடியும் தொப்பியைக் கழட்ட மாட்டோம், யாரா இருந்தாலும் 'தௌ'தான்னு நின்னாங்க. அடி விழுந்தது, ஜெயிலுக்கும் போனாங்க. ஃபாக்ஸ் அசரலை. 1660-ல் ரெண்டு பேரோட சேர்ந்து ஒரு புத்தகமே போட்டார். முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளிலிருந்து உதாரணம் கொடுத்து, பாருங்க, ஒருமை வேற பன்மை வேறன்னு வாதம். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. ஒரு ப்ரோனவுனுக்காக இவ்வளவு உழைச்ச மனுஷன் யாரு?

ஆனாலும் ஊர் கேட்கலை. யாரையும் அவமதிச்சதா இருக்கக் கூடாதுன்னு எல்லாரையும் 'யூ'ன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு 'தௌ' வழக்கொழிஞ்சு போச்சு. கூடவே அதோட வினைகளும். அப்போ ஒருத்தரைச் சொல்ற 'யூ'வுக்கு என்ன வினை? ஜனங்க ஒரு நியாயமான வழி கண்டுபிடிச்சாங்க. ஒருத்தர்னா 'யூ வாஸ்', பலர்னா 'யூ வேர்'. படிச்சவங்களே இப்படி எழுதியிருக்காங்க. 1762-ல் ராபர்ட் லௌத் என்கிற பாதிரியார் தன் இலக்கண நூலில் இது பெரும் பிழைன்னு ஆப்பு வெச்சார். அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1789-ல் 'யூ வாஸ்' சரிதான்னு வாதாடிப் பார்த்தார், நடக்கலை. ஆக, அந்த 'ஆர்' வந்த வழி இதுதான். ஒருத்தருக்குப் பன்மை வினைன்னு இலக்கணக்காரங்களே முத்திரை குத்தினாங்க.

அதே ஆளுங்க 'தே' விஷயத்தில் அப்படியே பல்டி! 'தே'யை ஒருத்தருக்குச் சொல்றது 14-ம் நூற்றாண்டிலேயே உண்டு. 1795-ல் லிண்ட்லி மர்ரே எழுதின இலக்கணம், 'எனி ஒன்' என்று வந்தால் பின்னாடி 'தெயர்' தப்பு, 'ஹிஸ்' போடணும்னு திருத்திச்சு. அந்தப் புத்தகம் அட்லாண்டிக்கின் ரெண்டு கரையிலும் லட்சக்கணக்கில் வித்தது. இதுல கூத்து என்னன்னா, மர்ரே ஒரு குவேக்கர். அந்தப் புத்தகத்தை எழுதினது யார்க் நகரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்காக!

'ஹி'யையும் 'ஷி'யையும் நடுவில் ஒரு 'அல்லது' போட்டு ஒட்டலாம்தான். 'அண்ட்' போட்டால் பன்மை வினை, 'அல்லது' போட்டால் ஒருமை வினை, கணக்கு சரியா வரும். வாக்கியம்தான் நொண்டும். கான்வர்ஸ் என்கிற அமெரிக்க வக்கீல் 1858-ல் 'தான்' என்று ஒரு புதுச் சொல்லே உருவாக்கினார் (நம்ம 'தான்' இல்லை, 'தட்', 'ஒன்' ரெண்டையும் சேர்த்தது). 1934 வெப்ஸ்டர் அகராதியில் ஏறி, 1961-ல் இறங்கிடுச்சு.

பள்ளிக்கூடத்தோட நின்னிருந்தா பரவாயில்லை. 1850-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் ஒரு சட்டம் போட்டுது. சட்டங்களில் ஆண்பால் சொல் வந்தால், வேற மாதிரி வெளிப்படையாச் சொல்லாதவரை, பெண்ணையும் குறிக்கும். 1867-ல் வந்த ஓட்டுரிமைச் சட்டத்தில் 'மேன்' என்று இருந்தது. 'பெர்சன்'னு மாத்துங்கன்னு ஜான் ஸ்டுவர்ட் மில் கொண்டுவந்த திருத்தம் தோத்தது. அடுத்த வருஷம் மான்செஸ்டரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், 1850 சட்டப்படி 'மேன்' எங்களையும் சேர்த்துதானே, பட்டியலில் பேர் சேருங்கன்னு கேட்டாங்க. அவங்களுக்காக வாதாடினவர்களில் ஒருத்தர் ரிச்சர்ட் பாங்க்ஹர்ஸ்ட். பின்னாடி எமலினைக் கல்யாணம் செய்தவர். 1868 நவம்பரில் தீர்ப்பு: ஓட்டுப் போடப் பெண்களுக்குச் சட்டத் தகுதியே இல்லை, இந்த 'மேன்' ஆணை மட்டும்தான் குறிக்கும். வரி கட்டச் சொல்ற சட்டத்தில் மட்டும் பெண்களும் உள்ளே!

அமெரிக்காவில் சூசன் ஆண்டனி இதைத்தான் திருப்பிப் பிடிச்சாங்க. 1872-ல் ஓட்டுப் போட்டதுக்காகக் கைதாகி, ஊர் ஊராப் போய்ப் பேசினாங்க. வரிச் சட்டத்திலும் தண்டனைச் சட்டத்திலும் 'ஹி', 'ஹிஸ்', 'ஹிம்'தான் இருக்கு, அப்போ எங்களை வரியிலிருந்தும் ஜெயிலிலிருந்தும் விட்டுடுங்களேன்னு. 1873-ல் நூறு டாலர் அபராதம் போட்டாங்க. கடைசி வரைக்கும் அவங்க கட்டவே இல்லை.

நம்ம ஊருக்கும் இந்த 'ஹி' வந்து சேர்ந்தது. 1860 இந்திய தண்டனைச் சட்டம், எட்டாவது பிரிவு: 'ஹி' என்று வந்தால் ஆண், பெண் யாராக இருந்தாலும் பொருந்தும். அந்தச் சட்டத்துக்குப் பதிலா 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் ரெண்டாவது பிரிவிலும் அதே வரிதான் கிட்டத்தட்ட. கூடுதலாகத் திருநர் என்று சேர்த்திருக்காங்க. மூணு பேருக்கும் சேர்த்து நிக்கிறது இன்னும் அதே 'ஹி'.