பதின்வயதினரின் மனச்சோர்வும் குடும்பமும்: வரலாறு

பதின்வயதினரின் மனச்சோர்வு என்பது ஏறத்தாழ 13 முதல் 19 வயது வரை உள்ளவர்களிடம் காணப்படும் ஓர் உளநலக் குறைபாடு ஆகும். இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ நீடிக்கும் துயரம் அல்லது எரிச்சல், பிடித்தவற்றிலும் நாட்டமின்மை, தூக்கத்திலும் பசியிலும் மாற்றம், தன்னைப் பயனற்றவராக எண்ணுதல், படிப்பில் கவனம் நிற்காமை, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். பேச்சுவழக்கில் இதை ‘மன அழுத்தம்’ என்றும் சொல்வதுண்டு. ஆனால் தேர்வு போன்ற நெருக்கடியால் வந்து, நெருக்கடி தீர்ந்ததும் விலகும் மன அழுத்தம் வேறு, மனச்சோர்வு வேறு.

இந்நோய் சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் வரும் என்பதை மருத்துவ உலகம் 1970களில்தான் பரவலாக ஏற்றுக்கொண்டது. அதே காலத்தில், இதில் குடும்பத்துக்கு உள்ள பங்கைப் பற்றிய கருத்தும் மாறியது. முதலில் குடும்பம் கணக்கிலேயே எடுக்கப்படவில்லை; பின்னர் அதன் மீது பழி விழுந்தது; இறுதியில் அது சிகிச்சையின் துணையாகக் கருதப்பட்டது.

பருவக் கொந்தளிப்பு என்னும் கருத்து

அமெரிக்க உளவியலாளர் ஜி. ஸ்டான்லி ஹால் 1904இல் வளரிளம் பருவத்தைப் பற்றி இரண்டு தொகுதிகள் கொண்ட நூலை வெளியிட்டார். பெற்றோருடன் மோதல், மாறிமாறி வரும் மனநிலை, துணிச்சலான செயல்கள் ஆகியவற்றை அப்பருவத்தின் இயல்புகளாக அவர் விவரித்தார். 1928இல் மானிடவியலாளர் மார்கரெட் மீட், சமோவா தீவுப் பெண்கள் இப்பருவத்தை அமைதியாகக் கடப்பதாக எழுதி, அக்கருத்தை மறுத்தார். அவருடைய முடிவுகளும் பின்னாளில் கடுமையான விவாதத்துக்கு உள்ளாயின.

ஆயினும் ஹாலின் கருத்தே நிலைத்தது. உளப்பகுப்பாய்வாளர் அன்னா பிராய்டு 1958இல், இப்பருவத்தில் கொந்தளிப்பு இல்லாமல் இருப்பதே இயல்புக்கு மாறானது என்னும் பொருள்பட எழுதினார். இதனால் ஒரு சிறுவனோ சிறுமியோ மாதக்கணக்கில் துயரத்தில் மூழ்கியிருந்தாலும், ‘வயசுக் கோளாறு, தானே சரியாகிவிடும்’ என்று பெரியவர்கள் விட்டுவிட இடம் ஏற்பட்டது.

மனசாட்சி முழுமையாக வளராத வயதில் உண்மையான மனச்சோர்வு தோன்றாது என்றும் அக்கால உளப்பகுப்பாய்வாளர் பலர் கருதினர். 1960களில் ‘மறைந்த மனச்சோர்வு’ என்னும் கருத்து பரவியது. வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர் கழித்தல், பள்ளிக்குப் போக மறுத்தல் போன்றவற்றின் பின்னால் மனச்சோர்வு ஒளிந்திருப்பதாக அது கூறியது. பிள்ளை தன் துயரத்தைத் தானே சொல்லக்கூடும் என்பது அப்போதும் முதன்மை பெறவில்லை.

தாய் மீது விழுந்த பழி

தாயைப் பிரிந்து காப்பகத்தில் வளர்ந்த கைக்குழந்தைகள் அழுது, பின் ஒடுங்கி, உணவையும் மறுப்பதை ரெனே ஸ்பிட்ஸ் 1946இல் பதிவு செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடிழந்த குழந்தைகளைப் பற்றி ஆராயுமாறு உலக சுகாதார நிறுவனம் ஜான் பௌல்பியைக் கேட்டுக்கொண்டது. 1951இல் வெளியான அவரது அறிக்கை, தாயின் இடைவிடாத அரவணைப்பு குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்றது.

மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் குழந்தைகளை நடத்தும் முறை மாற இவ்வறிக்கை உதவியது. ஆனால் பிள்ளையின் எந்த மனக்குறைக்கும் தாயே காரணம் என்னும் எண்ணத்தையும் அது வலுப்படுத்தியது. இதை மறு ஆய்வு செய்து 1972இல் நூல் எழுதிய பிரித்தானிய மருத்துவர் மைக்கேல் ரட்டர், பிள்ளைகளின் நடத்தைக் கோளாறுகளுக்குப் பிரிவைவிட வீட்டில் ஓயாத சண்டையே நெருங்கிய தொடர்புடையது என்று காட்டினார்.

வைட் தீவு ஆய்வு

இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவில் 1964, 1965 ஆண்டுகளில் ரட்டரும் அவரது குழுவினரும் சிறுவர்களின் உளநலத்தை ஆராய்ந்தனர். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பாராமல், தீவில் குறிப்பிட்ட வயதுடைய பிள்ளைகள் அனைவரையும் கணக்கில் எடுத்தது இவ்வாய்வின் சிறப்பு. பெற்றோர், ஆசிரியர் ஆகியோரிடம் கேட்டதுடன் பிள்ளைகளிடமும் நேரடியாகப் பேசினர். அவர்கள் 14, 15 வயதை எட்டியபோது மீண்டும் ஆராய்ந்து, 1976இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் மூன்று முக்கியமானவை:

1. பெரும்பாலான பதின்வயதினர் பெற்றோரிடமிருந்து விலகிப் போகவில்லை. அத்தகைய விலகல் ஏற்கெனவே உளநலக் குறைபாடு உள்ளவர்களிடமே மிகுதியாக இருந்தது.

2. வெளியே தெரியாத துயரமும் தன்னைத் தாழ்வாக எண்ணுதலும் பலரிடம் இருந்தன. பிள்ளைகளே சொன்ன இவை, பெரியவர்கள் கண்ணில் பெரும்பாலும் படவில்லை.

3. சிறுவயது முதல் தொடர்ந்த குறைபாடுகளைவிட, பதின்வயதில் புதிதாகத் தோன்றியவை குடும்பச் சிக்கல்களுடன் குறைவாகவே தொடர்பு கொண்டிருந்தன.

மூன்றாவது முடிவு பெற்றோர் தவறாமல் அறிய வேண்டியது. அமைதியான, அன்பான வீட்டில் வளரும் பிள்ளைக்கும் இந்நோய் வரலாம். ‘எங்கள் வீட்டில் என்ன குறை?’ என்ற கேள்வியால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. நோய் வந்ததாலேயே பெற்றோர் தவறு செய்தவர்கள் என்றும் ஆகாது.

நோயாக ஏற்கப்படுதல்

1971இல் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐரோப்பியச் சிறார் உளமருத்துவர்களின் மாநாடு, சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் மனச்சோர்வு வரும் என்பதை வெளிப்படையாக ஏற்றது. மரியா கோவாக்ஸ் 7 முதல் 17 வயது வரை உள்ளோருக்காக 27 கேள்விகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார். ஆரன் பெக் 1961இல் பெரியவர்களுக்காக வெளியிட்ட அளவுகோலின் வழியில் அமைந்த இதில், விடை சொல்பவர் பிள்ளையே. 1980இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடு, பெரியவர்களுக்குரிய அளவைகளே சிறாருக்கும் பொருந்தும் என்றது. துயரத்துக்குப் பதிலாக எரிச்சலும் சிறாரிடம் முதன்மை அறிகுறியாகலாம் என்ற குறிப்பும் பின்னர் இடம்பெற்றது. வீட்டில் ‘திமிர்’ என்று கண்டிக்கப்படும் சிடுசிடுப்பு, சில வேளைகளில் நோயின் அடையாளமாக இருக்கலாம் என்பது இதனால் தெளிவானது.

தலைமுறை ஆய்வுகள்

மிர்னா வைஸ்மன் 1982இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வு, மனச்சோர்வு உள்ள பெற்றோரின் பிள்ளைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஏனைய பிள்ளைகளைவிட இவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2006இல் வெளியான முடிவு கூறியது. மரபணுக்களும் வளரும் சூழலும் இதில் சேர்ந்தே செயல்படுகின்றன.

அதே 2006இல் வெளியான மற்றோர் ஆய்வு நம்பிக்கை தந்தது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற தாய்மாரில் யார் மூன்று மாதங்களில் குணமடைந்தார்களோ, அவர்களின் பிள்ளைகளிடமும் உளநலக் குறைபாடுகள் குறைந்தன. தாயைப் பழித்த காலம் போய், தாயின் நலனைப் பேணுவதே பிள்ளைக்கும் மருந்தாகும் என்ற புரிதல் வந்தது.

சிகிச்சையில் குடும்பம்

12 முதல் 17 வயது வரையிலான 439 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2004இல் வெளியானது. 12 வாரங்களில் முன்னேற்றம் கண்டவர்களின் அளவு:

- ஃபுளுவாக்செட்டின் மருந்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள்: 71 விழுக்காடு
- மருந்து மட்டும் பெற்றவர்கள்: 61 விழுக்காடு
- அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்கள்: 43 விழுக்காடு
- போலி மருந்து பெற்றவர்கள்: 35 விழுக்காடு

இந்தப் பேச்சுவழிச் சிகிச்சையில் பெற்றோருக்கான அமர்வுகளும் இருந்தன. அதே ஆண்டு, மனச்சோர்வு மருந்துகள் தொடக்கத்தில் இளையோர் சிலரிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. எனவே மருந்து தொடங்கிய வாரங்களில் பிள்ளையை அருகிலிருந்து கவனிப்பதும் குடும்பத்தின் பொறுப்பானது.

இந்தியாவில்

2014இல் தொடங்கிய இந்தியாவின் தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம், 10 முதல் 19 வயதினருக்கான தன் ஆறு நோக்கங்களுள் ஒன்றாக மனநலத்தைச் சேர்த்தது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் தொலைபேசி ஆலோசனை தமிழ் உள்ளிட்ட மொழிகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பிள்ளையும் பெற்றோரும் தனித்தனியாகவே இதை அழைக்கலாம்.

வைட் தீவில் ஆய்வாளர்கள் செய்ததை எந்த வீட்டிலும் செய்ய முடியும். பிள்ளையைப் பற்றி ஆசிரியரிடமும் உறவினரிடமும் விசாரிப்பதோடு நில்லாமல், பிள்ளையிடமே கேட்டு, பதிலைக் குறுக்கிடாமல் கேட்பதே அது.