மரகதமும் பச்சைக்கல்லும்

திருவாரூர், திருநள்ளாறு முதலிய விடங்கத் தலங்களில் மரகதலிங்க வழிபாடு சிறப்புற நிகழ்கின்றது. திருவாபரணங்களில் ஒளிரும் பச்சை மணிகளையும் அன்பர்கள் பொதுவாக மரகதம் என்றே போற்றுவர். பக்திக்கு அப்பெயர் போதும். கோயில் ஏட்டிற்குப் போதாது.

கல்லியலார் மரகதம் என்பது பெரில் இனத்துப் பச்சை மணியையே. சீனர் போற்றும் ஜேடு வேறு. அதுவும் ஒரு கல்லன்று. நெப்ரைட்டு, ஜேடைட்டு என இரண்டு என்பதை 1863-இல் பிரெஞ்சு அறிஞர் தமூர் ஆய்ந்து காட்டினார். ‘இந்திய ஜேடு’ என விற்கப்படுவதோ பெரும்பாலும் குவார்ட்சு இனத்துக் கல். நிறம் ஒத்திருப்பினும் கனம் ஒவ்வாது. நீரினும் மரகதம் ஏறத்தாழ 2.7 மடங்கும், நெப்ரைட்டு 3 மடங்கும், ஜேடைட்டு 3.3 மடங்கும் கனமானவை.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசர் அளித்த அணிகலன்களைக் கூறும் கல்வெட்டுக்கள், மணிகளின் எண்ணிக்கையையும் நிறையையும் மட்டுமன்றிக் குற்றங்களையும் மறையாது பொறித்துள்ளன. ‘பச்சைக்கல் ஒன்று’ என்று மட்டும் எழுதிவைத்தால், ஒன்று போய் மற்றொன்று அவ்விடத்தில் அமர்ந்தாலும் ஏடு வாய் திறவாது. சரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டிழை உண்டா எனப் பார்க்கும் காஞ்சி மக்களுக்கு இது புதிதன்று. ஆதலின் மணி வழங்கும் அன்பர்கள் அதன் இனம், நிறை, குறை மூன்றையும் எழுதுவித்து வழங்குவார்களாக. இறைவன் உடைமைக்கு அதுவே நாம் இடும் காவலாகும்.