நங்கூரம் ஏந்திய கன்னி

பெங்களூரில் தண்டுப் பாளையம் 1809-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற காலந்தொட்டு, சென்னைப் படையோடும் அப்படைக்கு வேண்டிய பணிகளோடும் வந்து குடியேறிய தமிழர் பலர். அவர்களுள் கத்தோலிக்க மறையினரும் இருந்தனர். அக்குடும்பங்களின் வழிவந்தோர் இல்லங்களில், பூவேலைச் சட்டத்துள் மங்கிப்போன பழம்படம் ஒன்று பீடத்துக்கு மேலே தொங்குவதை நாம் இன்றும் காண்கிறோம். பாகப்பிரிவினையில் வீடு ஒருவர்க்கும் நகை ஒருவர்க்குமாகப் போனபின், படம் எவரேனும் ஒரு மகள் கையில் வந்து சேர்ந்திருக்கும். யாருடைய படம் என வினவினால், “மாதா படம், பாட்டி காலத்தது” என்பதே விடை. பழம்பொருள் வாங்குவோர் சட்டத்துக்கு விலை பேசுவரேயன்றிப் படத்துக்குப் பேசுவதில்லை. ஆகவே, பெயர் தெரியாத படம் எளிதில் வீட்டைவிட்டு வெளியேறிவிடுகிறது.

படத்தின் முகத்தைக் கொண்டு ஆளை அறிதல் இயலாது. ஐரோப்பிய அச்சகத்தார் எல்லாக் கன்னியர்க்கும் ஏறக்குறைய ஒரே முகத்தையே வரைந்தனர். கையிலும் காலடியிலும் உள்ள பொருள்களே அடையாளம். உத்தரியத்தை நீட்டிக் கொடுப்பவர் கார்மேல் மாதா. நீலக் கச்சையும் பாதத்தின்மீது ரோசாப்பூவும் உடையவர் லூர்து மாதா. குழந்தையின் காலிலிருந்து ஒரு மிதியடி கழன்று தொங்குமாயின் அது சதா சகாய மாதா படமேயாகும். பழுப்பு அங்கியோடு சிலுவையும் ரோசாப்பூக்களும் ஏந்தியவர் குழந்தை தெரேசம்மாள். ஆனால் தலையில் மலர்முடி, கையில் அம்பும் குருத்தோலையும், அருகில் ஒரு நங்கூரம் என ஓர் இளம்பெண் காட்சியளித்தால், அவர் மாதா அல்லர், அர்ச். பிலோமினம்மாள்.

இவர் வரலாறு வியப்புக்குரியது. 1802-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள், உரோமை நகரில் பிரிசில்லாள் நிலவறைக் கல்லறைகளுள் ஒன்றைத் திறந்தனர். வாயிலை மூடியிருந்த மூன்று சுட்ட ஓடுகளில் 'லூமேனா', 'பாக்ஸ் தே', 'கும் ஃபி' என எழுதியிருந்தது. முதல் ஓட்டைக் கடைசியில் வைத்துப் படித்தால், “பிலூமேனாவே, உனக்கு அமைதி” என்று பொருள்படும். எழுத்துகளுக்கிடையே நங்கூரமும் அம்புகளும் குருத்தோலையும் தீட்டப்பட்டிருந்தன. உள்ளே ஓர் இளம்பெண்ணின் எலும்புகள். வேதசாட்சி எனக் கொண்டு, 1805-இல் அவற்றை நேப்பிள்சுக்கு அருகிலுள்ள முஞ்ஞானோவுக்குக் கொண்டுசென்றனர். ஓட்டிலிருந்த குறிகளே பின்னர்ப் படத்தில் அவர் கைக்கு வந்தன. எழுதி வைத்த வரலாறு எதுவும் இல்லாத ஒருவர்க்கு ஓவியர் வேறு எதைத்தான் கொடுக்க முடியும்?

இத்தாலியப் பக்தி நம் ஊர் வந்தது பிரெஞ்சு வழியாக. லியோன் நகரத்துப் போலின் சாரிக்கோ அம்மையார் 1835-இல் முஞ்ஞானோவில் நோய் நீங்கியதாகக் கூறினார். வேதபோதகப் பணிக்குப் பொருள் திரட்டும் சபை 1822-இல் தோன்ற வழிவகுத்தவரும் அவரே. ஆர்ஸ் ஊர்ப் பங்குக்குரு வியான்னி அடிகளும் இப்புனிதைமீது பெரும்பற்றுக் கொண்டிருந்தார். மைசூர் மறைப்பணியை நடத்திய பாரீசுக் குருமாரும் பிரெஞ்சுக்காரர்களே. எனவே படத்தின் அடியில் பிரெஞ்சு எழுத்திருத்தல் வியப்பன்று. மைசூர் மகாராஜாவின் செயலாளர் தம்புச் செட்டியார் (பெயரைக் கேட்டதும் நம்மவர் செவி நிமிரும்) 1926-இல் இப்புனிதையின் திருப்பண்டம் ஒன்றைப் பாப்பரசரின் தூதர் பிசானி வாயிலாகப் பெற்றார். அதன்பின் எழுந்ததே மைசூர்ப் பிலோமினா பேராலயம். 1933-இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அதற்கு அடிக்கல் நாட்டினார்.

இனிக் காலத்தை அறியும் வழி. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குக. வண்ணப்புள்ளிகள் மணல் தூவினாற்போல் ஒழுங்கின்றிக் கிடந்தால் அது பெரும்பாலும் கல்லச்சு. புள்ளிகள் அணிவகுத்து நின்றால் பிற்கால அச்சு. ஓரத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் சிற்றெழுத்தில் இருத்தல் கூடும். சட்டத்தின் விளிம்பு பலமுறை அதனை மறைத்துவிடும். சட்டத்தைக் கொண்டு படத்தின் வயதைக் கணித்தல் தகாது. படம் மாறாமலே சட்டம் மாறியிருக்கலாம். சாந்தில் வார்த்துப் பொன்பூசிய பூவேலை உதிர்ந்ததும் தேக்குச் சட்டம் போட்டவர் பலர். பின்பலகைக்குள் திணித்த பழைய செய்தித்தாள் கிடைப்பின் அதுவே நற்சான்று. எனினும் அதுவும் சட்டம் கட்டிய நாளையே காட்டும். சிறு முட்டைவடிவப் பெட்டி ஒன்று சேர்ந்திருந்து, அதன் பின்னே சிவப்பு நூலும் அரக்கு முத்திரையும் காணப்படின், அது திருப்பண்டப் பெட்டி. நூலை அறுத்தலாகாது, அறுத்தால் முத்திரையின் சான்று போய்விடும்.

1961-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உரோமை இவர் திருநாளை வழிபாட்டு நாட்காட்டிகளிலிருந்து நீக்கியது. ஓடுகள் வேறொரு பழங்கல்லறையிலிருந்து எடுத்துப் பயன்படுத்தப்பட்டவை என மருக்கி என்னும் தொல்லியலார் முன்னரே வாதிட்டிருந்தார். நீக்கம் பொது வழிபாட்டுக்கே. வீட்டிலுள்ள பக்தியை எவரும் தடுக்கவில்லை. ஆயினும் “அப்படி ஒரு புனிதை இல்லையாம்” என்ற பேச்சு பரவியது. சில இல்லங்களில் படம் பரணுக்கு ஏறியது, சிலவற்றில் மாதாவாகப் பெயர் மாறியது. படத்தின் பெயர் மறைந்ததற்கு மறதி மட்டுமே காரணம் அன்று. சிறிது கூச்சமும் கலந்திருந்தது என்றே நாம் கருதுகிறோம். வீட்டுப் பெண்களின் ஞானஸ்நானப் பெயர்களோ மாறவில்லை. பாட்டியோ பெரியத்தையோ பிலோமினம்மாள் எனப் பெயர் பூண்டிருந்தால், படம் அக்குடும்பத்தில் எவர் பொருட்டு வாங்கப்பெற்றது என்பதை ஒருவாறு ஊகிக்கலாம். பங்கு ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்பெயரையும் ஆண்டையும் பார்த்து, ஒரு தாளில் எழுதிப் பின்பலகையில் ஒட்டிவைத்தால், அடுத்த பாகப்பிரிவினையில் அது வெறும் சட்டமாகக் கைமாறாது.